அடம்பன் கொடிக்கு இப்பால் நிறுத்துங்கள்: மணல்மேடுகளில் வாகனம் ஓட்டுவோருக்கு

நீண்ட விடுமுறை ஒன்று முடிந்த மறுநாள் மன்னார்த் தீவின் கரையோரம் நடந்தால், யார் யார் வந்து போனார்கள் என்பதை மணலே சொல்லிவிடும். நாலு சில்லும் இழுக்கும் ஜீப்பின் இரட்டைத் தடம், மோட்டார் சைக்கிளின் வளைந்து வளைந்து போகும் ஒற்றைத் தடம், உழவு இயந்திரத்தின் அம்புக்குறி போன்ற ஆழமான பல் அடையாளம். மேட்டின் உச்சிவரை ஏறி, அங்கே ஒரு வட்டம் அடித்து, மறுபக்கத்தால் இறங்கியிருக்கும். நடுவில் அடம்பன் கொடி அறுந்து, இலை கறுத்துக் கிடக்கும். அந்த வட்டம் எதற்காக அடிக்கப்பட்டது என்பதை அன்றிரவே டிக்டொக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

கொழும்பிலிருந்து வரும் சொகுசு ஜீப்காரர்கள் மேல் முழுப் பழியையும் போட்டுவிடுவது சுலபம். ஆனால் பாதிதான் உண்மை. நான் இருக்கும் பெரியமடு உள்நாட்டு ஊர். குளமும் வயலும் காடும்தான். பக்கத்துக் கடல் என்றால் விடத்தல்தீவு. அது கண்டலும் சேறும். வெண்மணல் பார்க்க வேண்டுமானால் எங்கள் பெடியளும் ஏ32 வீதிக்கு இறங்கி, மன்னார்ப் பாலம் தாண்டித் தலைமன்னார்ப் பக்கம்தான் போகிறார்கள். பாஸ் எடுத்துப் பிரயாணம் செய்த தகப்பன்மாரின் பிள்ளைகள் இவர்கள். யாரும் மறிக்காத ஒரு கடற்கரையில் வண்டி ஓட்டுவது இவர்களுக்குச் சுதந்திரமாகத் தெரிவதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்குச் சங்கடமாக இருப்பது அந்த மணல் யாருக்கும் சொந்தமில்லாத வெறும் வெளி என்ற நினைப்பு.

இந்த நினைப்பின் ஒரு பகுதி வளைகுடாவிலிருந்து வந்தது. டுபாயிலும் கட்டாரிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். பாலைவனச் சபாரிக்கு ஜீப் ஓட்டியவர்களும் அதில் இருக்கிறார்கள். அங்கே மணல்மேடு கண்ணுக்கெட்டிய தூரம் போகும். சுற்றுலாக் கம்பனி வாகனங்கள் வரிசையாக, அனுபவமுள்ள சாரதியின் பின்னால், ஒதுக்கிய பகுதிக்குள் ஓடும். மன்னார்த் தீவோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முப்பது கிலோமீற்றருக்கும் குறைவு. எங்கள் மணல்மேடு ஒரு வரிசை, சில இடங்களில் இரண்டு வரிசை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீடு. அங்கே பழகிய ஓட்டத்தை இங்கே கொண்டுவந்தால் இடிபடுவது ஊரின் மதில்தான்.

மதில் என்று சொன்னதை விளக்க வேண்டும். கடற்கரை மணல்மேடு காற்றும் செடியும் சேர்ந்து கட்டுவது. சோளகக் காற்று ஈரம் காய்ந்த மணலைக் கரையிலிருந்து கிளப்பி உள்ளே தள்ளுகிறது. அங்கே அடம்பன் கொடியோ இராவணன் மீசைப் புல்லோ இருந்தால் காற்றின் வேகம் தரையோடு குறைந்து மணல் விழுகிறது. விழுந்த மணல் செடியை மூட, செடி அதற்கு மேலே நீண்டு வளர்கிறது. கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. இப்படி விரற்கடை விரற்கடையாக உயர்ந்ததுதான் இன்று ஜீப் ஏறும் மேடு. இராவணன் மீசையின் கூர்முனை காலில் குத்தியவர்களுக்கு அது உறுதியான புல்லாகத் தோன்றும். அதன் ஓடுதண்டு மணலுக்கு மேலேயே படர்வதால், சில்லு திரும்பும்போது முதலில் முறிவது அதுதான். செடி போன இடத்தில் காற்று ஒரு வாய் திறக்கும். அடுத்த சோளகத்தில் அந்த வாய் அகலும். உச்சியில் இருந்த மணல் வீதிக்கும் வளவுக்கும் வந்து சேரும். வடமராட்சி கிழக்கின் மணற்காட்டில் மணலுக்குள் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் ஆலயத்தின் இடிந்த சுவர்களைப் பார்த்தவர்களுக்கு, நகரத் தொடங்கிய மணல் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்தக் கொடி திரண்டு செய்யும் வேலை என்ன என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோமோ தெரியவில்லை.

2004 டிசெம்பர் 26 இல் யால கடற்கரையில் நடந்ததைச் சுனாமிக்குப் பின் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கடல் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னாலிருந்த மணல்மேட்டை அகற்றியிருந்த விடுதி ஒன்று அடியோடு போனது. மேடு அப்படியே இருந்த அயல் இடங்களில் அலை அந்த வேகத்தில் உள்ளே வரவில்லை. முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் அன்று உறவுகளைக் கொடுத்த எங்களுக்கு இது புத்தகச் செய்தி இல்லை.

மேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீர். தீவில் ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. நடைமுறையில் அது இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் மேடு தாழத் தாழ அந்தப் படலம் மெலியும் என்பது மாறாது. கரையோரக் கிராமங்களில் பூவல் தோண்டிக் குடிதண்ணீர் அள்ளிய அம்மாமாருக்கு இந்தக் கணக்கு சூத்திரம் இல்லாமலே தெரியும். பூவலின் வாய்க்கு மேலே வண்டி ஏறினால் அது இடிந்து தூரும். எண்ணெய் சிந்தினால் அந்தப் பருவம் முழுவதும் தண்ணீர் மணக்கும்.

இனி மணலில் வேலை செய்பவர்கள். கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். தாழ்வுபாடு, வலைப்பாடு என்று ஊர்ப் பெயர்களிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பாட்டில் வலை வளைத்தால் இரண்டு கரைக்கயிறுகளும் நூற்றுக்கணக்கான மீற்றர் தூரத்துக்குக் கடலிலிருந்து மணலுக்கு ஏறி வரும். இழுபடும்போது அது விறைத்து நிற்கும். மோட்டார் சைக்கிளில் வேகமாக வருபவரின் கண்ணுக்கு அது கடைசி நிமிடம்வரை தெரியாது. தெரியும்போது கழுத்து மட்டத்தில் இருக்கலாம். ஆகவே கரையில் ஆட்கள் வரிசையாக நிற்பதைக் கண்டால் நிறுத்தி இறங்குங்கள். சம்மாட்டியிடமோ முன்னுக்கு நிற்கும் தொழிலாளியிடமோ, ‘அண்ணை, போகலாமோ?’ என்று கேளுங்கள். கயிற்றைத் தாழ்த்தி விடுவார்கள், அல்லது கொஞ்சம் பொறு என்பார்கள். கயிற்றின் மேல் வண்டி ஏற்றுவது அவர்களின் உழைப்பின் மேல் ஏற்றுவது. காயவிட்ட கருவாட்டுக்கு மேற்காற்றுப் பக்கமாக ஓடி மணலைக் கிளப்புவதும் அப்படித்தான். மணல் கடிபடும் கருவாட்டை எந்த வியாபாரியும் முழு விலைக்கு எடுக்கமாட்டார். அந்த நட்டம் பெரும்பாலும் வாடியில் மீன் வெட்டும் பெண்ணின் கணக்கில் விழும்.

கரையோரத்தில் உழவு இயந்திரமும் ஓடுகிறதே என்று கேட்பார்கள். ஓடுகிறது. படகு ஏற்ற, மீன் கொண்டுபோக அது வேண்டும். உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ஞ் கொண்டு கரைவலை இழுப்பது பற்றி மன்னார், முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கில் தொழிலாளர்களுக்குள்ளேயே வருடக்கணக்கில் பிணக்கு நடக்கிறது. கை வலையாட்களின் வேலை போகிறது என்பது ஒரு பக்கம், ஆள் கிடைக்கவில்லை என்பது மறுபக்கம். அதற்கு இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் தொழிலுக்கு ஓடும் வண்டி பெரும்பாலும் ஒரே தடத்தில் போய் அதே தடத்தில் வருகிறது. பொழுதுபோக்கு வண்டிக்குத்தான் ஒவ்வொரு முறையும் புது மணல் வேண்டியிருக்கிறது.

குருவி, ஆமை விடயத்துக்கு வருவோம். மன்னார் உவர்வெளிகளிலும் மணற்பரப்பிலும் ஒரு சிறு பறவை ஓடித் திரியும். கோழிக்குஞ்சளவு, வெள்ளை நெற்றி, கறுத்த கால். நெடுங்காலம் அது கென்ரிஷ் உப்புக்கொத்தி என்ற பரவலான இனத்தின் கிளையாகவே கணக்கிடப்பட்டது. இலங்கை, பிரித்தானிய ஆய்வாளர்கள் மன்னாரில் செய்த ஆய்வுகளின் பின் 2023 இல் அது தனி இனம் என்று நிறுவப்பட்டது. இராமர் பாலத்தின் நினைவாக அதற்குக் கிடைத்த பெயர் அனுமன் உப்புக்கொத்தி. அது கூடு கட்டுவதில்லை. மணலைக் காலால் கொஞ்சம் பறித்து, மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டை இடும். ஆபத்து வந்தால் தாய் சிறகு முறிந்ததுபோல் நடித்து எங்களை வேறு பக்கம் இழுக்கும். குஞ்சு ஓடாது, தரையோடு தரையாகப் படுத்துவிடும். நரியிடமிருந்து தப்ப உதவும் அந்தப் பழக்கம் ரயரிடமிருந்து காப்பாற்றாது. பறவை ஒன்று நொண்டி நொண்டி உங்கள் முன்னால் ஓடினால், நீங்கள் அதன் முட்டைக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள்.

கலிபோர்னியாவின் ஓசியானோ மணல்மேடுகள் அமெரிக்காவில் வாகன ஓட்டத்துக்குப் பேர்போன இடம். அங்கேயும் இதே குடும்பத்தைச் சேர்ந்த உப்புக்கொத்தி ஒன்று முட்டையிடுகிறது. அதற்காக ஒவ்வொரு வருடமும் மார்ச் 1 முதல் செப்டெம்பர் 30 வரை கரையின் ஒரு பகுதியை வேலி போட்டு அடைக்கிறார்கள். கடற்கரையில் வேகம் மணிக்கு 15 மைல்தான். தென்னாபிரிக்கா இன்னும் கண்டிப்பு. 2001 இறுதியில் வந்த ஒழுங்குவிதியோடு, அனுமதி பெற்ற தேவைகள் தவிர, பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வாகனம் ஓட்டுவதையே நிறுத்திவிட்டது.

ஆமைக்கு எதிரி வண்டியின் எடையும் வெளிச்சமும் மட்டுமில்லை. வண்டி போய் நாளானாலும் அதன் தடம் இருக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு ஓர் அங்குல ஆழச் சில்லுப் பள்ளம் ஓடை மாதிரி. கடலுக்கு நேராகப் போக வேண்டியது பள்ளத்தோடு பக்கவாட்டில் நடந்து, விடிந்து, காகத்துக்கும் வெயிலுக்கும் போகும்.

நம்மவர்களுக்கு எழுதும்போது, வேறு நாட்டு மணலைப் பற்றிய கட்டுரைகளில் இராத இரண்டு விடயங்களையும் சொல்ல வேண்டும்.

முதலாவது மிதிவெடி. மன்னார் பெருநிலப்பரப்பும், நாகர்கோவில் முதல் முகமாலை வரையான மணற்பரப்பும் நாட்டிலேயே மிக அடர்த்தியாக வெடி புதைக்கப்பட்ட பகுதிகளில் அடங்கும். பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது. 2017 டிசெம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையிலும் இணைந்தது. ஆனாலும் மணல் வயல்மண் மாதிரி இல்லை, அது நகரும். ஒரு சோளகத்தில் மூடப்பட்டது அடுத்த சோளகத்தில் வெளியே வரும், சரிவில் உருண்டு வேறிடம் போகும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ மஞ்சள் நாடாவோ கண்டால் அதைச் சுற்றிப் போகும் குறுக்கு வழி தேடாதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் பழைய மண் அணை, பங்கர்க் குழி, துருப்பிடித்த முட்கம்பி இருந்தால் அது காவலரண் இருந்த இடம். இறங்கிப் பார்க்கவும் வேண்டாம். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் வந்த தடத்தில் திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

இரண்டாவதை எழுதக் கை தயங்குகிறது. 2007, 2008 இல் மாந்தை மேற்கிலிருந்து வெளிக்கிட்ட சனத்தில் பலர் இடம் மாறி இடம் மாறிக் கடைசியில் மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் கரையில்தான் போய் நின்றார்கள். சேலையைக் கிழித்து மூட்டை தைத்து மணல் நிரப்பினார்கள். செத்தவர்களை அந்த மணலிலேயே, பங்கருக்குப் பக்கத்திலேயே தாட்டார்கள். அடையாளம் என்று வைக்க ஒரு பனையும் ஒரு தடியும்தான். பெயர்ப்பலகையும் மதிலும் உள்ள மயானத்துக்குள் யாரும் ஜீப் விடமாட்டார்கள். இங்கே மதில் இல்லை. அதனால், போர் முடிந்த அந்தக் கரைகளில் மேட்டுக்கு வண்டி ஏற்றாமல் இருப்பதுதான் மரியாதை. ஓரிடத்தில் கல்லோ, கருகிய திரியோ, காய்ந்த பூவோ கண்டால் அதைப் படமெடுக்காமல் விலகுங்கள். மே மாதத்தில் அங்கே வரும் தாய்மாருக்கு, போன வருடம் பார்த்த இடத்தை இந்த வருடமும் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

உயிரோடிருப்பவர்களின் உரிமையும் இதோடு சேர்ந்ததுதான். மன்னாரின் முள்ளிக்குளம் மக்கள் 2007 இல் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் கடற்படை முகாமாகியது. 2017 மார்ச்சில் அவர்கள் வாசலில் போராட்டம் தொடங்கிய பிறகுதான், ஏப்ரலில் 100 ஏக்கரை விடுவிப்பதற்குக் கடற்படை இணங்கியது. சொந்தக் கரைக்குப் போகப் பத்து வருடம் காத்திருந்தவர்கள் இருக்கும் மாவட்டத்தில், வெளியிலிருந்து வருபவர் ஒரு வார்த்தை கேட்காமல் கரைக்கு வண்டி இறக்குவது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, மணலில் ஓட்டியே ஆக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மீன் ஏற்றும் கூலர் லொறிக்காரர், நோயாளியைக் கொண்டுபோகும் வாகனம், கண்ணிவெடி அகற்றும் அணி, ஆய்வுக்கு வருவோர். அவர்களுக்கு முதல் வேலை ரயர்க் காற்றைக் குறைப்பது. தார் வீதியில் 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை இருக்கும் ஜீப் ரயரை மென்மணலுக்கு 15 முதல் 18 வரை இறக்கலாம். ரயர் தட்டையாகி நீளமாக மணலில் படுக்கும். வண்டி மிதக்கும், தோண்டாது. புதையாத வண்டி மணலையும் குறைவாகவே குழப்பும். இன்னும் கீழே இறக்கினால் திருப்பத்தில் ரயர் விளிம்பை விட்டுக் கழரும். தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும், இல்லையேல் சூடாகி வெடிக்கும். ஆகவே பம்பும் காற்றுமானியும் இல்லாதவர் இறங்கவே கூடாது. சவளும் பலமான இழுவைக் கயிறும் வேண்டும். தனி வண்டியாகப் போகாதீர்கள். புதைந்தால் அக்சிலேற்றரை மிதிக்காமல் இறங்கிச் சில்லுக்கு முன்னாலுள்ள மணலை வாரி, வந்த தடத்தில் பின்னுக்கு எடுங்கள். பனை ஓலையையும் தாழையையும் வெட்டிப் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மேட்டில் நிற்கும் செடியைப் பிடுங்கிப் போடாமல் ஒரு பழைய சாக்கையோ பலகையையோ கொண்டுபோனால் போதும்.

உச்சி மோசமான இடம். ஏறும் சாரதிக்கு வானம் மட்டுமே தெரியும். மறுபக்கம் பிள்ளைகள் சறுக்கி விளையாடலாம், வலை பொத்துபவர் நிழலுக்குப் படுத்திருக்கலாம். அமெரிக்க மணல்மேடுகளில் எட்டு அடி உயரத்தில் கொடி கட்டாத வண்டியை விடமாட்டார்கள். எங்களிடம் அதைவிட மலிவான வழி இருக்கிறது: ஒருவர் இறங்கி நடந்து போய்ப் பார்ப்பது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், ஏனென்றால் இடையில் நின்றால் ஏறுகிறவர் மறுபடி கிளம்ப முடியாது. சரிவில் குறுக்காக ஓட்டினால் கீழ்ப்பக்கச் சில்லு புதைந்து வண்டி உருளும். வேறு வழி இருக்கும்போது உச்சிக்குப் போகவே வேண்டாம்; அலை நனைத்த இறுகிய மணலில், வற்றின் நேரம் பார்த்து, மெதுவாகப் போவது வண்டிக்கும் மேட்டுக்கும் நல்லது. ஆனால் அங்கேதான் கால்நடையாக வருபவர்கள் இருப்பார்கள். நடப்பவர் பக்கத்தில் நடைவேகம்.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். இராமர் பாலத்து மணற்திட்டுகள் 2015 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. சுண்டிக்குளமும் அதே ஆண்டில் தேசிய பூங்காவானது. வங்காலை 2008 முதல் சரணாலயம், 2010 முதல் ராம்சார் ஈரநிலம். விடத்தல்தீவு 2016 முதல் இயற்கை ஒதுக்கு. இவற்றில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விதிகள் உண்டு. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. 2022 ஒக்டோபரில் யால பூங்காவுக்குள் சொகுசு ஜீப்புகளைத் தாறுமாறாக ஓட்டிய காணொளி பரவியபோது நாடே கொதித்தது, சந்தேகநபர்கள் நீதிமன்றம் போனார்கள். மன்னார் மணலில் வட்டமடிக்கும் காணொளிக்கு எங்கள் ஆட்கள் ‘லைக்’ போடுகிறார்கள்.

2025 ஓகஸ்டில் காற்றாலை விரிவாக்கத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் சனம் நாள்கணக்கில் நின்றது. அந்தப் பந்தலில் பேசப்பட்டது இந்த மேடும் இந்தத் தண்ணீரும்தான். கம்பனியின் டிப்பரும் ஒரு பெடியனின் மோட்டார் சைக்கிளும் ஒரே அளவு குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கம்பனிக்காரர் நாளைக்கு வந்து, ‘நீங்களே இதைப் பந்தயத் திடலாகத்தானே வைத்திருக்கிறீர்கள்’ என்று படம் காட்டினால் பதில் சொல்லச் சிரமப்படுவோம்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் அனுபவம் இருக்கிறது. 1964 புயலுக்குப் பின் தனுஷ்கோடிக்கு வீதி இல்லை. 2017 இல் அரிச்சல்முனை வரை புதிய வீதி திறக்கும்வரை, உள்ளூர்ச் சாரதிகளின் வான்களும் ஜீப்புகளும்தான் மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் பயணிகளைக் கொண்டுபோயின. குலுக்கிய குலுக்கில் இடுப்பு முறியும் என்பார்கள். என்றாலும் வழி தெரிந்த ஊராள் ஓட்டியதால், வண்டிகள் பெரும்பாலும் பழகிய தடத்திலேயே போய் வந்தன. தலைமன்னாரிலும் பேசாலையிலும் இதைச் செய்ய வீதி தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. கடற்றொழிலாளர் சங்கமும் பிரதேச சபையும் சேர்ந்து கரைக்கு இறங்கும் தடம் ஒன்றிரண்டைத் தீர்மானித்து, இரண்டு பக்கமும் பனங்குற்றி நட்டு, மேட்டுக்கு இப்பால் வண்டி நிறுத்தும் இடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தால், முக்கால்வாசிப் பேர் அங்கேயே நிறுத்துவார்கள். மிச்சத் தூரம் இருநூறு முந்நூறு மீற்றர் நடை. அடுத்த சோளகம் வைகாசியில் தொடங்கும். குற்றி நடுவதென்றால் அதற்கு முன் நட வேண்டும்.